நான் மொழிபெயர்க்காத சொல்

அன்பு மகனுக்கு,

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறாய், நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறேன். நடுவில் ஒரு தடவை மெட்ரோ மாறினால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தொலைபேசி எடுக்கிறாய். "சாப்பிட்டியளோ அம்மா?" என்று கேட்கிறாய். "ஓம்" என்கிறேன். பிறகு குளிரைப் பற்றி ஏதாவது பேசுகிறோம். அதன் பிறகு, மற்றவர் முதலில் வைக்கட்டும் என்று இருவரும் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பு கூடிக்கொண்டே போகிறது. நேரில் சொல்ல முடியாதவளுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எங்கள் தேவாலயப் பங்கின் ஆண்டு மலருக்கு ஆக்கம் கேட்டு வந்தார்கள். "நீங்கள் படிச்ச ஆள்தானே, குடும்பத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார்கள். வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன், இதுதான் வந்தது. பெயர் போடவில்லை. ஆனாலும் மொன்றியலில் எங்களுடைய ஆட்களுக்குப் பெயர் தேவையில்லை, இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரி நடைபாதைகளில் எங்களைப்போல இன்னும் எத்தனையோ தாய்மாரும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் சுற்றிவளைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

செப்டம்பரில் நீ ஏதென்ஸுக்குப் போகிறாய். அப்பா இறந்த கையோடு வீட்டை விட்டுப் போனாய், இப்போது நாட்டை விட்டே போகிறாய். படிக்கத்தான் போகிறாய், சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் டொக்டர் முன்னால் அன்று எனக்கும் உனக்கும் நடந்ததைப் பற்றி இன்றுவரை நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. பேசாமலே நீ விமானம் ஏறிவிட்டால் இனி எப்போதும் பேசமாட்டோம். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கிரேக்கம் வந்தது புத்தகத்தில் அல்ல. அப்பாவின் சட்டையில் வந்தது. எலுமிச்சை, கரிப்புகை, ஓரிகானோ எல்லாம் சேர்ந்த அந்த மணம் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இறைச்சி வாட்டும் அடுப்புக்கு முன்னால் வந்து, கடைசிவரை அங்கேயே நின்றார். அவருக்குத் தெரிந்த கிரேக்கம் முழுவதும் சாப்பாட்டுப் பெயர்களும் தூஷணமும்தான். பழைய கிரேக்கம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று பெரியப்பா எங்கள் வீட்டில் இருந்தார். "பார்க் எக்ஸ்டென்ஷனில இல்லாத கிரேக்கனோ ஏதென்ஸில இருக்கிறான்? தேப்பனோட கடைக்குப் போ, காசும் தந்து படிப்பிப்பாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.  ஆனால் அப்பா அடுத்த நாளே கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். முதலாளி ஒரு பெட்டி பக்லாவா இனிப்புக் கொடுத்து அனுப்பினார். "என்ர மகனுக்குக் கடை மெனுவையே கிரேக்கத்தில வாசிக்கத் தெரியாது, உன்ர மகன் என்ர பாட்டன் பூட்டன்ர பாஷை படிக்கிறான் எண்டு மனுசன் கண் கலங்கிப்போச்சு" என்று அப்பா எனக்குச் சொன்னார். அந்தப் பெட்டியை நீ தின்று முடித்தாய். முதலாளி சொன்னதை அவர் உன்னிடம் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன்.

உனக்கு முதலே அந்தப் பழைய மனிதர்களை நான் சந்தித்துவிட்டேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? பத்தொன்பது வயதில் கலியாணப் பெண்ணாக இங்கே வந்தேன். அடுத்த வருடம் நீ கையில். நீ பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பிறகு கல்லூரி, அதற்குப் பிறகு பல்கலைக்கழகம். இரண்டு குடும்பத்திலும் பட்டமளிப்பில் கறுப்பு அங்கி போட்ட முதல் ஆள் நான். இந்த மாகாணத்தில் பிரெஞ்சுக் கல்லூரிக்குப் போகிற எவரும் மெய்யியல் படிக்காமல் வெளியே வரமுடியாது. மின்சார வேலை படிக்கிறவருக்கும், பல் சுத்தம் செய்யப் படிக்கிறவருக்கும், என்னைப்போல அலுவலக நிர்வாகம் படிக்கிறவருக்கும் அது கட்டாயம். முதல் பாடமே கிரேக்கர்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருவரைப் பற்றி எழுதிச் சித்தியடையாவிட்டால் இங்கே ஒரு வயரைத் தொடவும் விடமாட்டார்கள் போல என்று அப்பா பகிடி பண்ணுவார். நான் கடைசி வரிசையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் இருப்பேன். என்னைவிட வயது குறைந்த பிள்ளைகள் கையை உயர்த்தி ஆசிரியரை மறுத்துப் பேசுவார்கள். அவர் கோபிக்கமாட்டார், சந்தோஷப்படுவார். அதுதான் எனக்கு முதல் அதிசயம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசினால் முட்டுக்காலில் நிற்கவேண்டும்.

சோக்கிரட்டீஸின் கடைசி நாளை ஆசிரியர் ஒரு மத்தியானம் சொன்னார். நஞ்சு குடிக்கவேண்டிய நாள். காலையில் நண்பர்கள் சிறைக்குள் வருகிறார்கள். மனைவி சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். அவர்களைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. இவளை யாராவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார் அவர். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஆண்கள் எல்லோரும் இருந்து ஆத்மா சாகுமா சாகாதா என்று பின்னேரம்வரை பேசுகிறார்கள். வகுப்பில் எல்லோரும் ஆத்மாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மனைவி எந்தப் பாதையால் போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "வேறென்ன, வீட்டை போய்ச் சமைச்சிருப்பா. பிள்ளையளுக்குப் பசிக்குமெல்லே." பிறகு தானே சொன்னார்: "எங்கட கடையிலயும் ஒரு சோக்கிரட்டீஸ் இருந்தவன். உண்மையாத்தான், அதுதான் அவன்ர பேர். நல்ல பெடியன். முதலாளியிட்ட ஏன் ஏன் எண்டு கேட்டு வேலை போச்சுது. உந்த மனுசனுக்கு உயிர் போச்சுது. பேர் ராசியில்லை." நீ அப்போது மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய், நீயும் சிரித்தாய். மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்த நாட்களை இப்போது தேடித்தேடி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர் சொல்வார், இந்த நாடுகளை எழுப்பியது அந்தக் கேள்விகள்தான் என்று. நீதிமன்றம், பாடசாலை, பாராளுமன்றம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பழக்கம் கிடக்கிறது. சொல்லை வரையறு, காரணம் சொல், நீ முன்னே சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் பொருத்தம் காட்டு. நான் அதைக் கேட்டபோது கட்டடங்களை நினைக்கவில்லை, அப்பாவை நினைத்தேன். அவர் அகதி விசாரணைக்குப் போன கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். காலையில் கேட்டதையே பின்னேரம் வேறு விதமாகக் கேட்டார்களாம். ஆமி வந்தது வீடு மாறின பிறகா, முதலா? அண்ணையைப் பிடித்தது அன்றைக்கா, அடுத்த நாளா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின ஒருவருக்கு நாட்கள் ஒழுங்காக நினைவில் நிற்காது. அவர் மாற்றிச் சொன்னதும் அது முரண்பாடு என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியில் நம்பினார்கள், ஆனால் அதற்குள் தான் சொல்வது உண்மைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது ஏன் என்று தொடங்கினால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

நீ கல்லூரியில் அதே பாடத்தைப் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் அவரைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? "அப்பா, நல்ல மனுசன் எண்டா ஆர்?" அவர் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னார்: "மற்ற ஆக்களுக்குக் கெடுதல் செய்யாதவன்." "அப்ப பொய் சொல்லி ஒருத்தனைக் காப்பாத்தினா?" "அது பரவாயில்லை." "அப்ப பொய் நல்லதோ?" "நான் அப்பிடிச் சொல்லேல்லை." "முதல் பரவாயில்லை எண்டியள். இப்ப அப்பிடியில்லை எண்டுறியள். எது சரி?" அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். "உவன் விசாரணையில இருந்த மனுசன் மாதிரியே கேக்கிறான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் நின்றார். உனக்கு முகம் வாடிப்போனது. நீ விளையாட்டாகத்தான் கேட்டாய், அவரோடு கதைக்க உனக்கு அந்த ஒரு வழிதான் புதிதாகக் கிடைத்திருந்தது. அன்றே இதை உனக்கு விளக்கியிருக்கலாம். ஏதென்ஸில் நீ யாரிடம் என்ன கேட்டாலும், இந்த மனிதர் இதற்கு முன் எங்கெல்லாம் கேட்கப்பட்டவர் என்று ஒரு கணம் பார்த்துவிட்டுக் கேள். உன் கேள்வியை விடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். முதல் பனி விழுந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் முதலே கேட்டார்கள், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் இரண்டு பேர் பிரெஞ்சு படித்தவர்கள் இருக்கும்போது எங்கள் வருத்தத்தை ஒரு பிற ஆள் ஏன் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். டொக்டர் இளம் பெண். பேசத் தொடங்குவதற்கு முன் மேசையின் ஓரத்தில் இருந்த டிஷ்யூ பெட்டியை எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, பிரெஞ்சு அவ்வளவாக விளங்காத அப்பாவைப் பார்த்தே பேசினார். உடம்பு அவருடையது, ஆகவே செய்தியும் அவருக்கு. முதலில் படத்தில் கண்டது என்ன, பிறகு அதன் பெயர் என்ன, பிறகு எதைச் செய்யலாம், எதைச் செய்யமுடியாது. ஒன்றன்பின் ஒன்றாக, கல்லூரியில் எங்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்கிய அதே ஒழுங்கு. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது, சத்திரசிகிச்சை முடியாது, வருடங்களாக எண்ண முடியாது, மாதங்கள்தான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "மொழிபெயர்க்கிறீர்களா, மதாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். "ஈரலில ஒரு வீக்கமாம். மருந்து தருவினமாம். குளிர் முடியச் சுகமாயிடுமாம்." குரல் நடுங்காமல் சொன்னேன். இந்த நாட்டில் நான் அவ்வளவு தெளிவாக வேறெதையும் சொன்னதில்லை. நீ மற்றப் பக்கத்தில் இருந்தாய். உன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. "அம்மா, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை." "தம்பி, வாயை மூடு" என்றேன். "அப்பான்ர உடம்பம்மா. அவருக்குத் தெரியவேணும்." டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கியிருக்கும், தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு என்னிடம், கோபமில்லாமல், "நீர் ஒருக்கா வெளியில நில்லும். நான் இவனோட கதைக்கவேணும்" என்றார்.

டொக்டர் என்னோடு வெளியே வந்து தோளில் கைவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் நடைபாதையில் நின்றேன். அந்த வகுப்பில் நான் யோசித்துக்கொண்டிருந்த சோக்கிரட்டீஸின் மனைவியைத்தான் நினைத்தேன், அவளையாவது கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் இருந்தது என்று நினைத்தேன். கதவில் நீளமான ஒரு கண்ணாடி இருந்தது. உன்னுடைய குனிந்த தலையும் அப்பாவின் முதுகும் தெரிந்தன. சத்தம் கேட்கவில்லை. அப்பா நிறைய நேரம் பேசினார். வீட்டில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் அவருடைய தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இருபது வருடத்துக்கும் மேலே அவரோடு வாழ்ந்தவள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கதவு திறந்தது. "வாரும், பசிக்குது" என்றார். லிஃப்டில் மூன்று பேரும் நிற்கும்போது என்னிடம் கேட்டார்: "குளிர் முடியச் சுகமாயிடும் எண்டனீர், என்ன?" "ஓம்" என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அன்றிலிருந்து அவர் என்னுடைய அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இருந்தார், என் முன்னால் மட்டும். கோடைக்கு நயாகராவுக்குப் போவோம் என்பார். சப்பாத்து அடி தேய்ந்துவிட்டது, ஆனால் சுகமாகிக் கடைக்குத் திரும்பும்போது புதிது வாங்கலாம், இப்போது வீணாக ஏன் என்பார். நானும் ஓம் ஓம் என்பேன். நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று முதலில் நினைத்தேன், பிறகு அவர்தான் எனக்காக நடிக்கிறார் என்று விளங்கியது. விளங்கிய பிறகும் நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நிறுத்தினால் இரண்டு பேரும் எங்கே போய் நிற்பது? எங்கள் தேவாலயச் சாமியாரை வீட்டுக்குக் கூப்பிடக்கூட நான் பயந்தேன். கடும் நோயாளிகளுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு சாமி வந்தால் அவருக்குத் தெரிந்துபோய்விடும் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். தை மாதத்தில் ஒரு நாள் நான் புவாண்ட்-கிளேரில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய நெற்றி மினுங்கியது. உள்ளங்கைகளும் மினுங்கின. கோவிலில் வரும் எண்ணெய் மணம் எனக்குத் தெரியாதா? நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "நல்லெண்ணெய் கொஞ்சம் பூசினனான், குளிருக்குத் தோல் காய்ஞ்சு போச்சு" என்றார். நீ சமையலறையில் மூன்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். நீதான் சாமியைக் கூட்டி வந்தாய், நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் செய்தீர்கள். செய்யவேண்டியதைச் செய்தீர்கள். நான் போய் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி கழுவினேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிச் சில நாளில் அவர் போனார். கடைசியாக என்னிடம் சொன்னது, "தேத்தண்ணி இப்ப வேண்டாம், பேந்து குடிக்கிறன்." அவ்வளவுதான். நோய் என்ற சொல் எங்களுக்குள் வரவில்லை, சாவு என்ற சொல்லும் வரவில்லை. நான் இல்லாமல் எப்படி இருப்பீர் என்று அவர் கேட்கவில்லை, நீங்கள் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று நானும் சொல்லவில்லை. உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில் பெரியப்பா எல்லோருக்கும் கேட்க உன்னைப் பார்த்துச் சொன்னார்: "சொல்லாமல் விட்டிருந்தால் என்ர தம்பி இன்னும் ரெண்டு வருசம் இருந்திருப்பான். படிச்ச படிப்பு தேப்பனை முடிச்சுப்போட்டுது." அவர் கெட்டவரில்லை, தம்பியைப் பறிகொடுத்தவர், யார் மீதாவது அதை இறக்கி வைக்கவேண்டியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அடுத்த கிழமை நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். இப்போது இங்கே எழுதுகிறேன், பெரியப்பாவும் வாசிப்பார்: அந்த நோய் சொன்னதால் கூடவில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் குறைந்திருக்காது. டொக்டர் சொன்ன காலத்தில் ஒரு நாளையும் என் மகன் தகப்பனிடமிருந்து எடுக்கவில்லை.

நீ போன பிறகு உன் அறையில் விட்டுப்போன புத்தகங்களை பஸ்ஸில் கொண்டுபோய் வாசிக்கத் தொடங்கினேன். உன்னோடு சண்டை பிடிக்க ஆயுதம் தேடினேன் என்றுதான் சொல்லவேண்டும், கிடைத்தும் விட்டது. பழைய கிரேக்க வைத்தியர்களே தங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்: நோயாளியிடம் பெரும்பாலானதை மறை, வரப்போவதைச் சொல்லாதே, முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொள். சோக்கிரட்டீஸின் கடைசி நாளை எழுதி வைத்த அவருடைய பேர்பெற்ற மாணவரும் பொய்யை ஒரு மருந்தாக எண்ணியிருக்கிறார், வைத்தியர் போன்றவர்களின் கையில் மட்டும் இருக்கவேண்டிய மருந்தாக. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பார்த்தாயா, உன்னுடைய ஆட்கள் என்னுடைய பக்கம் என்று உடனே உனக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன். மேற்கு நாட்டவர் உண்மை சொல்கிறவர்கள், நாங்கள் மூடி மறைக்கிறவர்கள் என்று இங்கே பல பேர் பேசுகிறார்கள், எங்கள் பிள்ளைகளும் பேசுகிறார்கள். அது அப்படியில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்வது அவர்களுக்கும் பிந்தி வந்த பழக்கம்தான். கேள்வி கேட்டதற்காக ஒரு மனிதரைக் கொன்ற ஊரும், அந்தக் கேள்வியைக் காப்பாற்றி வைத்த ஊரும் ஒரே ஊர்தானே. நீ ஒருமுறை எங்களுக்குச் சொன்னாய், அந்த வைத்திய நூல்கள் நேராக இங்கே வரவில்லை, சிரியக் மொழிக்கு, அரபுக்கு, பிறகு லத்தீனுக்கு என்று கைமாறிக் கைமாறி வந்தன என்று. அதைத்தான் படிக்கப் போகிறாய். அந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவராவது, தன் வீட்டில் படுத்திருக்கும் ஒருவரை நினைத்து ஒரு வசனத்தை மெதுவாக்கியிருக்கமாட்டாரா? கண்டால் அவரைக் கடுமையாகத் தீர்ப்பிடாதே.

ஆனால் மகனே, வாதத்தில் வென்ற பிறகும் பஸ்ஸின் கண்ணாடியில் என் முகம் அப்படியேதான் இருந்தது. நீ செய்தது சரியா, நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை, தீர்க்கவும் விருப்பமில்லை. நான் அன்று சொன்னது அன்பு இல்லாமல் சொன்னதல்ல, நீ சொன்னதும் அப்படியே. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டதால், அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொல்லவேண்டிய எதையும் சொல்ல இடம் இருக்கவில்லை. உனக்கு உன் அப்பாவின் கடைசி மாதங்கள் முழுவதும் இருந்தன. எனக்கு நயாகராவும் புதுச் சப்பாத்தும் இருந்தன. எனக்கு உன்மீது இருந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது கோபமில்லை, பொறாமை. பெற்ற பிள்ளைமீது பொறாமைப்படுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஏதென்ஸில் வெயில் கூட, தண்ணீர் நிறையக் குடி. கடை கடையாகச் சாப்பிடாமல் ஒரு சட்டி வாங்கிச் சமை. அங்கே யாராவது எங்கள் பிள்ளை, தாய்க்கும் டொக்டருக்கும் நடுவில் நின்று முழிப்பதைக் கண்டால் நீ போய்ப் பக்கத்தில் நில். கலியாணம் செய்கிற பெண் எந்த நாட்டவளாக இருந்தாலும் சரி, அவளோடு கெட்ட செய்தியையும் பேசப் பழகு. பெரியப்பாவுக்குப் போகமுதல் ஒரு தொலைபேசி எடு, அவர் உன்னைப் பகிடி பண்ணுவார், பண்ணட்டும்.

கேட்க நினைத்ததை இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன், இனித் தள்ள இடமில்லை. போவதற்கு முதல் ஒரு நாள் வீட்டுக்கு வா. நான் நடைபாதையில் நின்ற நேரம் அப்பா உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லு. அவருடைய தோள் குலுங்கினபோது அவர் சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லு. என்மீது கோபப்பட்டிருந்தால் அதைச் சொல்லு. என்னைப் பற்றி ஒன்றுமே பேசாமல் இருந்திருந்தால் அதையும் சொல்லு. அவர் சொன்ன ஒழுங்கிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே சொல்லு. நான் அழுதாலும் நிறுத்தாதே. எனக்காக எதையும் விட்டுவிடாதே.

அம்மா